அவசரப் பைக்குள் கத்தியா, மல்டி டூலா?

முதலுதவி, அனர்த்தத் தயார்நிலைப் பயிற்சிகளுக்கு வருவோரிடம் வீட்டு அவசரப் பையைத் திறந்து காட்டச் சொன்னால், கொழும்பில் பெரும்பாலும் இரண்டு வகைப் பைகளைப் பார்க்கலாம். ஒன்றில் வெட்டுவதற்கு எதுவுமே இருக்காது, பிஸ்கட் பைக்கற்றைக்கூடப் பல்லால்தான் கிழிக்க வேண்டும். மற்றதில் இணையக் காணொளி பார்த்து வாங்கிய நீளமான கறுப்புக் கத்தி ஒன்று, முதுகில் வாள் பல்லெல்லாம் வைத்து, பையின் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும்.

அந்தக் காணொளிகளில் வருபவர்கள் குளிர்நாட்டுக் காட்டில் விறகு பிளக்கிறார்கள். நமக்கு வரும் அவசரம் வேறு. களனி கங்கை பெருகினால் நாகலகம் வீதி நீர்மட்டத்தைத்தான் எல்லோரும் விசாரிப்போம். அங்கே 5 அடி சிறுவெள்ளம், 7 அடி பெருவெள்ளம். 2016 மே மாதத்தில் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் மூழ்கியபோது, சனம் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு படகேற வேண்டியிருந்தது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை மாடி வீடுகளில் தண்ணீர் ஏறாவிட்டாலும் கரண்ட் போனால் லிஃப்டும் தண்ணீர் மோட்டாரும் நின்றுவிடும்.

இந்த நேரங்களில் கையால் செய்யும் வேலைகளை எண்ணிப் பாருங்கள். நைலோன் கயிறு அறுப்பது, தறப்பாளில் துளை போடுவது, அரிசிப் பையின் தையலைப் பிரிப்பது, டின் மீன் திறப்பது. இவை வெட்டும் வேலைகள். தண்ணீர் மீற்றருக்குப் பக்கத்தில் இறுகிப்போன வால்வைத் திருப்புவது, கம்பி சுற்றிக் கட்டிய கேற்றை அவிழ்ப்பது, கழன்ற கதவுக் கொண்டியை முடுக்குவது, ரோச்சின் பற்றரி மூடியைத் திறப்பது ஆகியவை பிடித்துத் திருப்பும் வேலைகள். கத்தி எவ்வளவு நல்லதானாலும் இந்த இரண்டாம் வகைக்கு உதவாது. உதவ வைக்கப் போனால் நுனிதான் ஒடியும்.

ஆகவே கொழும்பில் ஒரு குடும்பத்துக்கு ஒரு பை, அதில் ஒரே ஒரு கருவி என்றால் எங்கள் தெரிவு மல்டி டூல்தான், அதாவது குறடு, கத்தி, ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் ஒன்றாக மடங்கும் கருவி. ஆனால் அது ஒழுங்கான மல்டி டூலாக இருக்க வேண்டும். மலிவானது மோசமான கத்தியையும் மோசமான குறட்டையும் ஒன்றாகக் கட்டிக் கொடுத்தது போலத்தான்.

மல்டி டூல் கெடுவது பெரும்பாலும் மூட்டில். குறட்டு வாயைப் பிடித்திருக்கும் ஆணி தளர்ந்தால், அமத்தும்போது இரண்டு வாயும் ஒன்றையொன்று விலகிச் சறுக்கும். வால்வின் விளிம்பு தேயும், விரல் நசியும். கடையிலேயே சோதித்துவிடலாம். மூடிய வாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், நுனியில் இடைவெளி தெரியக்கூடாது. ஒற்றைத் தாளின் ஓரத்தை நுனியால் கவ்வி இழுங்கள், நழுவக்கூடாது. கம்பி வெட்டும் பகுதியால் அதே தாளை வெட்டுங்கள். மடித்து நசித்துவிட்டால் வெட்டு விளிம்புகள் சந்திக்கவில்லை என்று அர்த்தம். பிறகு கைப்பிடிகளைப் பலமாக அமத்துங்கள். அவை பக்கவாட்டில் முறுகினால் வைத்துவிட்டு வாருங்கள். புறக்கோட்டை நடைபாதையில் பெயர்பெற்ற பிராண்டின் முத்திரையோடு மலிவாகக் கிடைப்பவற்றில் போலிகள் அதிகம். இந்தச் சோதனைகளில் அவை அநேகமாகத் தோற்றுவிடும்.

அடுத்தது அலகின் பூட்டு. விரித்த அலகு பூட்டிக்கொள்ளாவிட்டால், குத்தும்போது அது மடங்கி உங்கள் விரலின் மேலேயே விழும். விரித்து, விரல்களை அலகின் பாதையிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு, முதுகை மேசை விளிம்பில் மெல்லத் தட்டிப் பாருங்கள். பூட்டு விட்டுக்கொடுத்தால் வாங்க வேண்டாம்.

வீட்டுக்குக் கொண்டு வந்த பின் இன்னொரு சோதனை: கையைச் சவர்க்கார நீரில் நனைத்து, லைட்டை அணைத்துவிட்டுக் குறட்டையும் அலகையும் விரியுங்கள். நகத்தை மாட்டி இழுத்துத் திறக்கும் சிறிய அலகுகள் ஈரக்கைக்கு வழுக்கிவிடும். லெதர்மன் வேவ் பிளஸ் போன்றவற்றில் கத்தி அலகு வெளிப்பக்கமாக, ஒரு கையால் திறக்கும்படி இருப்பதன் பயன் அப்போது புரியும். அதன் நிறை 241 கிராம், விலையும் கொஞ்சநஞ்சமல்ல. விக்டோரினொக்ஸின் ஸ்விஸ் டூல் வரிசையும் நல்லது. அதே நிறுவனத்தின் சிவப்புப் பேனாக்கத்தி வேறு பொருள். டின் திறக்கும், குறட்டு வேலை செய்யாது.

இனி மடங்காத கத்தி. அதன் பலம் எளிமையில் இருக்கிறது. மூட்டு இல்லை, ஸ்பிரிங் இல்லை, சேறு புகுந்து சிக்க இடமில்லை. உறையிலிருந்து உருவினால் வேலைக்குத் தயார். கழுவுவதும் சுலபம், அதனால் முகாமில் மரக்கறி நறுக்கவும் பாண் வெட்டவும் மல்டி டூலைவிட இதுவே நல்லது. மல்டி டூலின் அலகு மடங்கும் பள்ளத்தில் ஒருமுறை மீன் எண்ணெய் இறங்கினால் மணம் போக நாளெடுக்கும். வெளியே தோட்டம் துரவு உள்ளவர்கள், விழுந்த கிளையை வெட்டி வழி எடுக்க வேண்டியவர்கள் இதை யோசிக்கலாம். அவர்களிடம் மன்னாக் கத்தியே இருக்குமென்பது வேறு கதை.

வாங்குவதானால் அலகு 8 முதல் 10 சென்ரிமீற்றர், தடிப்பு 2 முதல் 3 மில்லிமீற்றர் போதும். அதற்கு மேல் தடித்த கத்தி நறுக்காது, பிளக்கும். சுவீடனின் மோராக்னிவ் கம்பானியன் 10.4 சென்ரிமீற்றர் நீளமும் 2.5 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்டது, அளவுக்கு நல்ல உதாரணம். அதன் இரும்பு கைப்பிடியின் கடைசிவரை போகவில்லை என்று இணையத்தில் குறை சொல்வார்கள். தறப்பாளும் தக்காளியும் வெட்டுபவருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. கைப்பிடி செம்மஞ்சளாக இருக்கட்டும். கறுப்புப் பிடி சேற்றுத் தண்ணீரில் விழுந்தால் அதோடு முடிந்தது.

துருவைப் பற்றிக் கொழும்பில் இருப்பவர் கொஞ்சம் அதிகமாகவே கவலைப்பட வேண்டும். காலி வீதிக்குக் கடற்பக்கமாக இருக்கும் வீடுகளின் ஜன்னல் கிறில்லைப் பார்த்தாலே உப்புக்காற்று என்ன செய்யும் என்று தெரியும். 1095 போன்ற கார்பன் உருக்கு நன்றாகத் தீட்டுப்படும், ஆனால் எண்ணெய் பூசாமல் பைக்குள் விட்டால் ஒரு மழைக்காலத்திலேயே புள்ளி புள்ளியாக அரித்துவிடும். ஸ்டெயின்லெஸ் எடுங்கள், அதுவும் துருவே பிடிக்காத இரும்பல்ல, மெதுவாகப் பிடிக்கும், அவ்வளவுதான். தோலுறை வேண்டாம். தோல் ஈரத்தை உறிஞ்சி அலகோடு ஒட்டவைத்துக்கொண்டிருக்கும், பூஞ்சணமும் பிடிக்கும். அடியில் நீர்வடியும் துளையுள்ள கெட்டிப் பிளாஸ்ரிக் உறைதான் சரி. தலைகீழாகப் பிடித்து உதறினாலும் கத்தி விழக்கூடாது. எண்ணெய் என்றால் தையல் மெசின் எண்ணெய், அலகுக்குத் துணியால் மெல்லிய பூச்சு, ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு சொட்டு. உணவு வெட்டுமுன் அலகைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிடுங்கள். தேங்காயெண்ணெய் நாளாக ஆகச் சிக்குப் பிடித்து மூட்டை இறுக்கும். ஏப்ரல் தொடக்கத்தில் ஒருமுறை, செப்டெம்பர் கடைசியில் ஒருமுறை திறந்து பார்த்தால் இரண்டு பெருமழைக் காலத்துக்கும் முந்திக்கொள்ளலாம்.

உறை இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம். வெள்ளத்தில் மீட்க வருவது காற்றடைத்த ரப்பர்ப் படகாகவும் இருக்கலாம். துணிப்பையைக் குத்திக்கொண்டு நிற்கும் கத்தி அதில் என்ன செய்யுமென்று சொல்லத் தேவையில்லை. கரையேறிய பிறகு போகும் இடம் ஒரு பாடசாலை முகாம், வாசலில் பொலிஸ். குத்துவாள் தோற்றமுள்ள ஒன்றை அங்கே விளக்கிக்கொண்டு நிற்க யாருக்கும் விருப்பமிராது. 2019 மே மாதத்தில் வாள்களையும் குத்துவாள்களையும் ஒப்படைக்கும்படி பொலிஸார் பொதுமக்களைக் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. சோதனைச் சாவடிகளோடு வளர்ந்த தலைமுறைக்கு மேலும் விளக்கம் வேண்டாம். வீட்டு அவசரப் பை வீட்டில் இருக்கட்டும், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில்.

கையில் பணம் குறைவென்றால் மல்டி டூலை மறந்துவிடலாம். பழைய சோனகத் தெரு ஹாட்வெயார் கடைகளில் 6 அங்குலக் குறடு ஒன்று, இருபக்கமும் மாற்றிப் போடும் ஸ்க்ரூ டிரைவர் ஒன்று. சமையல் சாமான் கடையில் மூடியுள்ள சின்னப் பழக்கத்தி ஒன்று, கையால் சுற்றும் டின் திறப்பான் ஒன்று. எல்லாவற்றையும் ஒரு சிப் பொலித்தீன் பைக்குள் போடுங்கள். கொஞ்சம் பாரம் கூடும், ஆனால் மலிவு மல்டி டூலைவிட ஒவ்வொன்றும் தன் வேலையைச் சரியாகச் செய்யும்.

எதை வாங்கினாலும் நுனி மழுங்கிய மருத்துவக் கத்தரிக்கோல் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தேசிய வைத்தியசாலையைச் சுற்றியுள்ள மருத்துவ உபகரணக் கடைகளில் கேளுங்கள். காயப்பட்டவரின் காற்சட்டையை வெட்டவோ சீற் பெல்ற்றை அறுக்கவோ கத்தியை உடம்புக்குக் கிட்டக் கொண்டுபோகக்கூடாது. பதற்றத்தில் நடுங்கும் கை கத்தியோடு எங்கே போகுமென்று சொல்ல முடியாது. கத்தரிக்கோலின் மழுங்கிய நுனி தோலோடு ஒட்டி நகர்ந்தாலும் குத்தாது.

வெள்ளக் காலத்தில் கைவெட்டுக் காயத்தைச் சின்ன விஷயமாக எடுக்க வேண்டாம். எலிக்காய்ச்சல் கிருமி தோலிலுள்ள வெட்டு வழியாகத்தான் இலகுவாக உள்ளே போகும். வெட்டுப்பட்டால் சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அமத்திப் பிடியுங்கள், இடையில் திறந்து பார்க்க வேண்டாம். இரத்தம் நின்றதும் சுத்தமான நீராலும் சவர்க்காரத்தாலும் கழுவி, நீர் புகாதபடி கட்டுங்கள். வெள்ளத்தில் இறங்கியிருந்தால் எலிக்காய்ச்சல் தடுப்பு மருந்து பற்றியும், ஏற்பு ஊசி பற்றியும் உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். இரத்தம் நிற்காவிட்டால் அம்புலன்ஸுக்கு 1990ஐ அழையுங்கள்.

மல்டி டூலின் கைப்பிடி வெறும் உலோகம். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ற். அதால் எந்த வயரையும் வெட்டவோ தொடவோ கூடாது, கரண்ட் இல்லை என்று அயலவர் சொன்னாலும்கூட. மெயின் சுவிற்சைத் தண்ணீர் வருமுன், உலர்ந்த இடத்தில் நின்று நிறுத்துங்கள். வீதியில் வயர் அறுந்து கிடந்தால் விலகி நின்று மின்சார சபையின் 1987க்கு அழையுங்கள்.

ஜன்னல் கிறில் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். பூட்டிய இரும்புக் கிறில்லை மல்டி டூலின் அரத்தாலோ கத்தி முதுகின் வாள் பல்லாலோ அறுத்து வெளியேற முடியாது. பூட்டுக்கு இரண்டாவது சாவி வெட்டி, ஒன்றைக் கிறில்லுக்கு அருகே வெளியிலிருந்து எட்டாத ஆணியிலும் மற்றதைப் பைக்குள்ளும் வையுங்கள்.

வெள்ளத்தில் பயன்படுத்திய கருவியை அன்றைக்கே கழுவ வேண்டும். எல்லா அலகுகளையும் விரித்து, ஓடும் நீரில் மணல் போகும்வரை பழைய பல்துலக்கியால் தேய்த்து, சவர்க்காரம் போட்டு அலசி, விரித்தபடியே உலரவிட்டு எண்ணெய் விடுங்கள். பிளீச்சிங் தூள் கரைசலில் ஊறப்போட வேண்டாம், ஸ்டெயின்லெஸ் உருக்கையும் அது அரித்துவிடும். அதே பையைத் தூக்கிக்கொண்டு கட்டுநாயக்காவுக்குப் போகிறவர்கள் கத்தி, மல்டி டூல், கத்தரிக்கோல் எல்லாவற்றையும் முன்பே எடுத்துப் பெரிய பெட்டிக்குள் மாற்றிவிடுங்கள். கைப்பையில் இருந்தால் சோதனை மேசையிலேயே விட்டுவிட்டு வர வேண்டியதுதான்.