காய்ச்சல் விட்டதும் வீட்டுக்கு எழுதுகிறவர்களுக்கு

வெளியூரில் ஹாஸ்டலிலோ பி.ஜி.யிலோ இருக்கும் பிள்ளைகளுக்கு டெங்கு வந்தால், வீட்டுக்குப் போகும் முதல் சேதி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "காய்ச்சல் அடிச்சுது, இப்ப விட்டுருச்சு." அம்மா பயப்படுவாரே என்று நாலு நாள் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, உடம்பு ஆறியதும் எழுதுகிறார்கள். டெங்குவில் சிக்கல் தொடங்குவதே அங்கேதான்.

காய்ச்சல் 2 முதல் 7 நாள் வரை இருக்கும். அது இறங்குவதை ஒட்டிய 24 முதல் 48 மணி நேரத்தில், சிலருக்கு ரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, கசிந்து வயிற்றிலும் நெஞ்சிலும் சேரும். ரத்தம் கெட்டிப்படும், நாடி வேகமெடுக்கும், கை கால் சில்லிடும். நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற ரூம்மேட், சூடு இல்லையே என்று கல்லூரிக்குக் கிளம்பிவிடுவார். பிளேட்லெட் எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதே ரிப்போர்ட்டில் இருக்கும் பி.சி.வி.யை, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற அளவை, யாரும் பார்ப்பதில்லை. முதல் நாள் 38 இருந்தது 46 ஆகியிருந்தால், பிளேட்லெட் 90,000 இருந்தாலும் அவரை உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

ஆகவே முதல் நாளே எழுதுங்கள். "பயப்படாதீங்க" என்று ஆரம்பிக்க வேண்டாம். அந்த ஒரு சொல்லே போதும், வீட்டில் அடுப்பு அணைந்துவிடும். விவரமாக எழுதினால் பயம் பாதி குறையும்:

"அம்மா, செவ்வாய் சாயங்காலம் 5 மணிக்குக் காய்ச்சல் ஆரம்பிச்சது. இப்ப 102. பாராசிட்டமால் 650 ரெண்டு போட்டிருக்கேன், 6 மணி நேர இடைவெளி விட்டு. நாளைக்குக் காலைல ரத்தம் பார்க்கறேன். பக்கத்து ரூம் பையன் நம்பர் அனுப்பறேன். எனக்குச் சின்ன வயசுல எந்த மருந்து ஒத்துக்கலன்னு சொல்லு. இன்சூரன்ஸ் கார்டை போட்டோ எடுத்து அனுப்பு."

காய்ச்சல் தொடங்கிய நேரத்தை எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டெங்கு வைரஸின் புரதத்தை ரத்தத்தில் தேடும் என்.எஸ்.1 சோதனை முதல் 5 நாளுக்குள்தான் நன்றாகக் காட்டும். அதன் பிறகு, வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் ஐ.ஜி.எம். என்ற எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆறாம் நாள் என்.எஸ்.1 எடுத்து 'நெகட்டிவ்' என்று நிம்மதி அடைவது வீண். ரிப்போர்ட்டையும் படமாகவே அனுப்புங்கள். "நார்மல்னு சொன்னாங்க" என்பதை வைத்துக்கொண்டு ஊரிலுள்ள டாக்டர் ஒன்றும் சொல்ல முடியாது.

மாத்திரையில்தான் அதிகம் தவறு நடக்கிறது. உடம்புவலி தாங்காமல் டைக்ளோஃபெனாக் ஊசியோ ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் மாத்திரையோ எடுத்தால், வயிற்றில் ரத்தக்கசிவு வர வாய்ப்பு கூடும். பாராசிட்டமால் மட்டும் போதும். 650 என்றால் நாளுக்கு நாலுக்கு மேல் வேண்டாம். பல ஜலதோஷ மாத்திரைகளிலும் பாராசிட்டமால் இருக்கிறது, அதையும் கணக்கில் சேருங்கள்.

வெறும் தண்ணீர் போதாது. 1 லிட்டர் பாக்கெட் ஓ.ஆர்.எஸ்.ஸை ஒரு லிட்டரில் முழுதாகக் கரைத்துக் குடியுங்கள். டம்ளரில் கொஞ்சம் தட்டிக் கலக்கினால் அளவு கெட்டுவிடும். கஞ்சி, மோர், இளநீர் எல்லாம் நல்லது. பீட்ரூட், மாதுளை ஜூஸ் வேண்டாம். வாந்தி சிவப்பாக வந்தால் ரத்தமா ஜூஸா என்று குழப்பும். பப்பாளி இலைச்சாறு குடிக்கச் சொல்லி வீட்டிலிருந்து கட்டாயம் வரும். குடித்து வாந்தி எடுத்தால், நோயின் வாந்தியா சாற்றின் வாந்தியா என்று பிரிக்க முடியாமல் போகும்.

காய்ச்சல் விட்ட நாளில் எழுத வேண்டியது வேறு: கடைசியாக எத்தனை மணிக்குச் சிறுநீர் போனது, வயிறு வலிக்கிறதா, அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது. 6 மணி நேரம் சிறுநீர் போகவில்லை, வயிற்றுவலி விடவில்லை, வாந்தி நிற்கவில்லை, ஈறில் ரத்தம், மலம் தார் போல் கறுப்பு, எழுந்தால் தலைசுற்றல் — இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் 108, அப்புறம் அம்மா.

பெற்றோருக்கும் ஒன்று. பிள்ளையின் சேதி கிடைத்ததும் "பஸ் ஏறி வந்துடு" என்று சொல்லாதீர்கள். பத்து மணி நேர ராத்திரிப் பயணத்தில், பாத்ரூம் போக வழியில்லையே என்று தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்து வருவார்கள், அதுவும் கசிவு நடக்கிற அதே இரவில். நீங்கள் கிளம்பிப் போங்கள்.