சிப்பிக்கு ஏது வெள்ளையணு?

சிப்பிக்குக் காயம் பட்டால் 'வெள்ளையணுக்கள் விரைந்து வந்து இரத்தத்தை உறையவைக்கின்றன' என்று இன்னும் எத்தனை மொழிபெயர்ப்பில்தான் படிப்பது? ஆங்கில மூலத்தில் இருக்கும் சொல் ஹீமோசைட், அதாவது சிப்பியின் குருதியில் உள்ள செல். கிரேக்கத்தில் ஹைமா என்றால் குருதி, கைட்டோஸ் என்றால் உட்குழிந்த கலம். சொற்பிறப்பு அவ்வளவுதான். இதில் வெள்ளை எங்கே வந்தது?

மனித இரத்தத்தில் சிவப்பணு இருப்பதால் இன்னொன்றை வெள்ளையணு என்கிறோம். முத்துச்சிப்பியின் நிறமற்ற குருதியில் சிவப்பணுவும் இல்லை, இரத்தத் தட்டும் இல்லை. காயம் பட்டதும் ஹீமோசைட்டுகள் அங்கே வந்து, ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, புண்வாயை அடைக்கின்றன. நம் இரத்தம் உறையும்போது ஃபைப்ரின் என்ற புரதத்தின் இழைகள் வலை பின்னுகின்றன. சிப்பி போன்ற மெல்லுடலிகளில் அந்த வலை கிடையாது, செல்களேதான் அடைப்பு. சிதைந்த திசுவை விழுங்குவதும், தட்டையாகி அடுக்கடுக்காகப் படிவதும் அவைதான். பிறகு ஓரத்திலுள்ள மேல்தோல் செல்கள் நகர்ந்து வந்து புண்ணை மூடும். ஆகவே 'உறைதல்' என்பதும் தவறு, 'திரளல்' என்றே எழுத வேண்டும்.

'கிருமியை விழுங்குகிறதே, வெள்ளையணு என்றால் வாசகருக்குச் சட்டென்று புரியுமே' என்பார்கள். சரி, என்ன புரியும்? கிருமியோடு போரிடும் காவல்படை என்று புரியும். தூத்துக்குடியில் 1973-இல் வெற்றி கண்ட முத்து வளர்ப்பையே பாருங்கள். சிப்பியின் இனப்பெருக்க உறுப்பைக் கீறி, உருண்டை மணி ஒன்றையும் வேறொரு சிப்பியின் மேண்டில் (ஓட்டின் உட்புறத்தை ஒட்டிய சதைப் போர்வை) துண்டையும் உள்ளே வைப்பார்கள். அந்தக் கீறலில் ஹீமோசைட்டுகள் கூடிப் புண்ணை ஆற்ற, மேண்டில் துண்டின் மேல்தோல் செல்கள் பெருகி மணியைச் சுற்றி முத்துப்பையாகின்றன. காவல்படை என்று படித்தவருக்கு இந்த ஆற்றும் வேலை கண்ணிலேயே படாது. ஹீமோகுளோபின் கொண்ட சிவப்புச் செல்கள் சில மட்டி இனங்களில் உண்டு. அங்கே மட்டும் நிறம் சொல்லிப் பிரிக்கலாம்.

'குருதியணு' என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. அணு என்றால் வேதியியலில் வேறு பொருள் நிலைத்துவிட்டது. 'குருதிக்கலம்' என்றால் இரத்தக் குழாயோ என்று தோன்றும். இலங்கைப் பாடநூல்களில் செங்குழியம், வெண்குழியம் என்ற சொற்கள் வெகுகாலமாகப் புழங்குகின்றன. கைட்டோஸின் குழிவும் அந்தக் 'குழி'யில் அப்படியே இருக்கிறது. நமக்கு வேண்டியது குருதிக்குழியம். கையருகே இருக்கும் சொல்லை எடுக்க என்ன தயக்கம்?

இப்போதைய அறிவியல் மொழிபெயர்ப்பில் பெரிய கோளாறே இதுதான். எந்த உயிரைப் பற்றி எழுதினாலும் மனித உடலின் சொற்பட்டியலை அதன்மேல் போர்த்திவிடுகிறார்கள். குருதிக்குழியம் என்று எழுதிப் பழகினால் துகளுள்ள குருதிக்குழியம், துகளற்ற குருதிக்குழியம் என்று அதன் வகைகளையும் தடங்கலில்லாமல் சொல்லலாம். வெள்ளையணுவைப் பிடித்துக்கொண்டால் வகைக்கு வகை அடிக்குறிப்பு போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.