செட்டை உடைத்தால் அலமாரி மூடும்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் தையல் கடைக்குப் புதுத்துணி தைக்க வருபவர்களைவிட, வீட்டில் கிடப்பதைச் சரிசெய்ய வருபவர்கள்தான் இப்போது அதிகம். பை நிறையக் கொண்டு வருவார்கள். எல்லாம் நல்ல துணியாகத்தான் இருக்கும், பாதியை இரண்டாம் தடவை உடுத்தியிருக்க மாட்டார்கள். "அலமாரி மூட மாட்டேங்குது அக்கா, ஆனா காலையில எடுத்துப் போட ஒண்ணும் இல்ல" என்பதை யாராவது ஒருவர் சொல்லாமல் ஒரு வாரம் போவதில்லை.

இதற்கு மருந்தாக 'கேப்சூல் வார்ட்ரோப்' என்று இணையத்தில் நிறையப் பேசுகிறார்கள். கொஞ்ச உருப்படிகளை வைத்துக்கொண்டு ஒன்றோடொன்று மாற்றி மாற்றி உடுத்தும் முறை. 1970களில் லண்டனில் துணிக்கடை நடத்திய சூசி ஃபோ இதைப் பரப்பினார். 1985இல் டோனா கேரன் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், வேலைக்குப் போகும் பெண்களுக்காக ஏழே உருப்படிகளை வைத்து ஒரு தொகுப்பு கொண்டுவந்த பிறகு இன்னும் பிரபலமானது. யோசனை நல்ல யோசனைதான். அதோடு சேர்ந்து வரும் பட்டியல்தான் நமக்கு உதவாது. கம்பளி ஸ்வெட்டரையும் முழங்கால் வரை வரும் கோட்டையும் கோலாலம்பூரில் எங்கே போட்டுக்கொண்டு போவது? வெளியே 33 டிகிரி, உடம்பில் ஒட்டும் ஈரக்காற்று. உள்ளே போனால் பல் கிட்டும் ஏர்கோன். நமக்குப் பருவமே இந்த இரண்டுதான், அதுவும் ஒரே நாளில்.

நம் அலமாரியை நிரப்புவது வேறொன்று. செட். பஞ்சாபி சூட் வாங்கினால் டாப், பேன்ட், சால் மூன்றும் ஒரே துணியில். மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு கூரோங் என்றால் மேலும் கீழும் ஒரே பூ. சேலைக்கு அதற்கென்றே தைத்த ரவிக்கை. ஒவ்வொரு செட்டும் தன்னளவில் அழகு, பக்கத்து ஹேங்கரில் தொங்குவதோடு அதற்கு எந்த உறவும் கிடையாது. பேன்ட் கிழிந்தால் டாப்பும் ஓய்வு பெற்றுவிடும். துணிக்கடைகள் நிறைந்த மஸ்ஜித் இந்தியா பக்கம் போய்ப் பாருங்கள், கடைக்காரர் செட்டாகத்தான் மாட்டி வைத்திருப்பார். அவருக்கு அதுதான் வியாபாரம்.

செந்தூலில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் ஐந்து பஞ்சாபி சூட் கொண்டுவந்தார்.

"அக்கா, இந்தக் கத்தரிப்பூ கலர் சூட்டோட பேன்ட் தொடையில நைஞ்சு போச்சு. டாப் புதுசு மாதிரியே இருக்கு. அதே கலர்ல துணி கிடைக்குமா?"

"அதே கலர் எதுக்கு டீச்சர்?"

"வேற கலர் போட்டா பொருந்தாதுலா."

டாப்பைக் கடை வாசலுக்கு எடுத்து வந்து வெயிலில் விரித்தேன். கத்தரிப்பூ நிறத்தில் சிறு பூக்கள், பூவின் காம்பு மட்டும் கருநீலம். நூல் கனம்தான் இருக்கும், ஆனால் டாப் முழுக்க ஓடுகிறது. கடையில் கிடந்த கருநீலப் பருத்தித் துணியைக் கீழே வைத்ததும் காம்பு எல்லாம் மேலே எழுந்து வந்தது போல் இருந்தது. டீச்சர் ஒன்றும் சொல்லாமல் பையிலிருந்து அடுத்த டாப்பை எடுத்தார். மஞ்சள், அதற்கும் சரியாக வந்தது. வெள்ளையில் சாம்பல் கட்டம் போட்டதும் பொருந்தியது. கிளிப்பச்சையில் ஆரஞ்சு ஜரிகை போட்ட ஒன்று மட்டும் யாரோடும் சேரவில்லை. அதை அப்படியே விட்டுவிடச் சொன்னேன், ஒரு செட் செட்டாகவே இருந்தால் குடி முழுகிவிடாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து செட் என்றால் 15 உருப்படி, உடுத்த ஐந்து விதம். ஐந்து டாப், மூன்று பேன்ட், மூன்று சால் என்றால் 11 உருப்படிதான், 45 விதம். பாதி கண்ணுக்கு ஒவ்வாது என்று கழித்துவிட்டாலும் ஒரு மாத வேலை நாளுக்குத் தாங்கும்.

இதற்கு முதலில் பேன்ட்டின் நிறத்தை முடிவு செய்யுங்கள். கருநீலம், கறுப்பு, சந்தன நிறம் என்று மூன்று போதும். அப்புறம் டாப் வாங்கும்போது அதன் பூவிலோ கரையிலோ இந்த மூன்றில் ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். துணியை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கத் தயங்காதீர்கள். கடை விளக்கில் ஒரே மாதிரி தெரியும் இரண்டு துணி வெயிலில் வேறு வேறாகிவிடும். சாயம் வேறு, ஒளியை அவை பிரதிபலிக்கும் விதமும் வேறு. கறுப்பில்தான் ஏமாற்றம் அதிகம். ஒரு கறுப்பு சிவப்படிக்கும், இன்னொன்று பச்சையடிக்கும், இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஒன்று பழசு போலத் தெரியும்.

பக்கவாட்டுப் பிளவையும் கவனிக்க வேண்டும். பிளவு இடுப்புக்கு மேல் ஏறிய டாப்பை அதன் சொந்த பேன்ட்டோடுகூட நிம்மதியாகப் போட முடியாது. அதை ஒரு கை அகலம் கீழே இறக்கித் தைப்பது சின்ன வேலை. பாஜு கூரோங்கின் மேல்சட்டை தொள தொளவென்று இருந்தால் பக்கத்தில் லேசாகப் பிடித்து, நேர் பேன்ட்டோடு போடலாம். இடுப்புக்குக் கீழே பிடிக்கக்கூடாது, நடை தடுக்கும்.

சேலைக்கு வருவோம், காசு கரைவது இங்கேதான். ஒரு சேலைக்கு ஒரு ரவிக்கை என்று யார் சட்டம் போட்டது? கறுப்பு, அரக்கு, மங்கிய தங்கம் என்று மூன்று ரவிக்கை நல்ல அளவில் தைத்து வைத்திருந்தால் உங்களிடம் உள்ள பெரும்பாலான சேலைக்கு அதில் ஒன்று பொருந்தும். சேலையோடு வரும் 80 சென்டிமீட்டர் துணியை உடனே தைத்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை. தைக்கக் கொடுக்கும்போது ஒன்று மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்: முன்துணி, பின்துணி இரண்டிலும் பக்கத் தையலில் ஒன்றரை இன்ச் உள்ளே விடச் சொல்லுங்கள். பிள்ளை பெற்ற பிறகோ வயது ஏறும்போதோ உடம்பு வைத்தால், மொத்தம் நாலு இன்ச் வரை பிரித்துக் கொடுக்கலாம். ரெடிமேட் ரவிக்கையில் அரை இன்ச்கூட விடாமல் ஓவர்லாக் அடித்து வெட்டிவிடுகிறார்கள். அதைக் கொண்டுவந்து "கொஞ்சம் லூஸ் பண்ணுங்க" என்றால் எங்கள் கையில் ஒன்றும் இல்லை.

குறைவாக வைத்திருப்பவர்களுக்கு அளவு விஷயத்தில் சலுகை கிடையாது. ஒவ்வொன்றும் அடிக்கடி உடம்பில் ஏறப்போகிறது, ஒரு இடம் உறுத்தினாலும் வெறுத்துவிடும். வாங்குமுன் கைக்குழியைச் சோதியுங்கள். எல்ஆர்டி ரயிலில் மேலே தொங்கும் பிடியைப் பிடிப்பது போலக் கையைத் தூக்குங்கள். உடை முழுவதும் சேர்ந்து மேலே வந்தால் கைக்குழி ஆழமாக வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதைச் சரிசெய்வது கஷ்டம், விட்டுவிடுங்கள். நீளம், இடுப்பு, கைமடிப்பு ஆகியவை சுலபமானவை. தோள்பட்டை சரியாக இருந்தால் மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

துணியைப் பொறுத்தவரை ஒரு எண் போதும். சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பாலியஸ்டர் 0.4 சதவீதம். மலிவு ஜார்ஜெட் பெரும்பாலும் பாலியஸ்டர்தான், அதனால்தான் ஸ்டேஷனிலிருந்து ஆபீஸ் நடப்பதற்குள் முதுகில் ஒட்டிக்கொள்கிறது. சால் ஜார்ஜெட்டாக இருக்கட்டும், டாப் வேண்டாம். பருத்தி, ரேயான் இரண்டையும் தைக்குமுன் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துக் கொடுங்கள். லைனிங் துணியையும் சேர்த்துத்தான். மேல் துணி ஒரு அளவும் லைனிங் ஒரு அளவும் சுருங்கினால் முதல் சலவையிலேயே நெஞ்சுப் பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். ஏர்கோனுக்கு ஒரு மெல்லிய கார்டிகன், கறுப்பிலோ சாம்பலிலோ. அரசாங்க அலுவலகங்களில் கையில்லாத உடுப்போடு போய் கவுண்டரில் திருப்பி அனுப்பப்படாமலும் அது காப்பாற்றும்.

"என்றைக்காவது உதவும்" என்று எடுத்து வைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, நம் ஊரில் துணி அலமாரிக்குள்ளேயே செத்துப்போகும் என்பது. காற்றுப் புகாமல் அடைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். கஞ்சி போட்ட துணியை வெள்ளிப்பூச்சி தின்னும். ஜரிகை கறுக்கும். போலித் தோல் கைப்பையும் செருப்பும் ஒரு தடவைகூட வெளியே போகாமலே உரிந்து கொட்டும். மேலே பூசிய பாலியூரித்தேனை ஈரக்காற்று அரித்துவிடுகிறது. பட்டுச் சேலையைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துப் பருத்தித் துணியில் சுற்றி, அவ்வப்போது மடிப்பை மாற்றி வையுங்கள்.

ஆண்கள் பாடு எளிது. வெள்ளை வேட்டிக்கு எந்த ஜிப்பாவும் போகும், அரசாங்க ஊழியர்கள் பாத்தேக் உடுத்தும் வியாழக்கிழமைக்கு ஒரு பாத்தேக் சட்டை. ஆனால் தீபாவளிக்குக் குடும்பமே ஒரே நிறத்தில் படம் எடுக்கும் பழக்கம் வந்த பிறகு அவர்களும் மாட்டிக்கொண்டார்கள். போன வருஷத்து மயில் நீலம் இந்த வருஷம் வெளியே வராது. நிறத்தை அம்மாவின் சேலையிலிருந்து எடுத்து, மற்றவர்கள் வீட்டில் உள்ளதிலேயே கிட்டத்தட்ட அந்தச் சாயலில் போட்டாலும் படம் நன்றாகத்தான் வரும்.

கழிப்பவற்றில் நல்லதைத் தெரிந்தவர்களுக்குக் கொடுங்கள், அல்லது பழைய துணி விற்கும் பண்டல் கடைக்கு. பேரங்காடிகளில் பழைய துணி சேகரிக்கும் கிளோத் கேர்ஸ் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள், அதிலும் போடலாம். இனி உடுத்தவே முடியாதவற்றிலிருந்து மட்டும் கொக்கி, பொத்தான், நல்ல ஜரிகைக் கரையைப் பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள். வெற்றுச் சால் ஓரத்தில் அந்தக் கரையைத் தைத்தால் விசேஷத்துக்கு ஆகிவிடும்.

இந்த வேலைக்கெல்லாம் தையல்காரரிடம் தீபாவளி நெருக்கத்தில் போகாதீர்கள். அப்போது எங்கள் மேசையில் ஊசி வைக்கக்கூட இடம் இருக்காது, பழையதைப் பிரிக்கச் சொன்னால் முகம் சுளிப்போம். தைப்பூசம் முடிந்து ஒரு வாரம் கழித்து, உடுத்தாத செட் அத்தனையையும் ஒரே பையில் போட்டு, பகல் வெளிச்சம் இருக்கும்போது கொண்டு வாருங்கள்.