எட்டாம் பக்கத்தில் கிடந்த ஓடுபாதை

2017 ஜூலை 7, இரவு 11.56. டொரண்டோவிலிருந்து வந்த ஏர் கனடா 759-க்கு சான் பிரான்சிஸ்கோவில் 28ஆர் ஓடுபாதையில் இறங்க அனுமதி கிடைத்திருந்தது. ஏ320 விமானம், உள்ளே 140 பேர். ஆனால் அது நேராகப் போனது ஓடுபாதைக்கு வலப்புறம் உள்ள 'சி' டாக்சிவேக்கு, அதாவது விமானங்கள் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லும் வழிக்கு. அங்கே நான்கு விமானங்கள் புறப்படக் காத்து நின்றன. சுமார் 60 அடி உயரம்வரை தாழ்ந்துவிட்டு மேலெழும்பியது. இரண்டாவதாக நின்ற ஏ340-க்கும் அதற்கும் நடுவே 10 முதல் 20 அடிதான்.

அந்த விமான நிலையத்தில் 28எல் (இடது), 28ஆர் (வலது) என இரண்டு பாதைகள் அருகருகே ஒளிரும். அன்றிரவு 11 மணிக்கே 28எல் மூடப்பட்டு விளக்குகள் அணைந்துவிட்டன. இரண்டைத் தேடிய கண், ஒளிர்ந்த 28ஆர்-ஐ 28எல் என்று எடுத்துக்கொண்டது. அப்படியானால் அதற்கு வலப்புற விளக்குகள்தானே 28ஆர்! வரிசையாக நின்ற விமானங்களின் விளக்குகளும் அந்த எண்ணத்துக்குத் துணைபோயின. பாதையில் விளக்குகள் தெரிகிறதே என்று விமானிகள் கேட்டார்கள். 28ஆர் காலியாக இருக்கிறது என்று கோபுரம் சொன்ன பதிலும் சரியானதே.

மூடல் பற்றிய நோட்டாம் (விமானிகளுக்கான எச்சரிக்கை அறிவிப்பு), புறப்படுமுன் தந்த 27 பக்கத் தொகுப்பில் 8ஆம் பக்கத்தில் இருந்தது. அதைப் படித்த நினைவு துணை விமானிக்கு இல்லை. கேப்டன் பார்த்திருக்கிறார், ஆனால் வேண்டிய நேரத்தில் அது மனதில் இல்லை. அப்போது டொரண்டோவில் பின்னிரவு 2.56, கேப்டன் விழித்து 19 மணி நேரத்துக்கு மேலாகியிருந்தது. இதைக் 'கவனக்குறைவு' என்று எழுதி மூடினால், 8ஆம் பக்கம் 8ஆம் பக்கமாகவே இருக்கும்.

இன்னொரு ஓட்டை: அன்று இறங்கிய முறைக்கு ஐ.எல்.எஸ். (ஓடுபாதையின் நேர்கோட்டை ரேடியோ மூலம் காட்டும் கருவி) அலைவரிசையை விமானிகள் கையால் அமைக்க வேண்டும். அந்நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ320 தரவுகளில் இப்படிக் கேட்ட இறங்கும் முறை இது ஒன்றுதான். துணை விமானி விட்டுவிட்டார், கேப்டனும் சரிபார்க்கவில்லை. அமைத்திருந்தால், விலகிப் போவதைக் கருவியே காட்டியிருக்கும்.

படித்தாலே போதும் என்றும் சொல்ல முடியாது. 2000 அக்டோபர் 31 அன்று தைபேயில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 006 விமானிகளுக்கு 05ஆர் ஓடுபாதையின் மூடல் தெரிந்தே இருந்தது. ஆனாலும் புயல் மழையில் விமானம் தவறுதலாக அதிலேயே புறப்பட்டு, கட்டுமான இயந்திரங்களில் மோதியது. 83 பேர் இறந்தார்கள்.

ஆகவே நோட்டாம் தொகுப்பில் ஓடுபாதை மூடல்களை முதல் பக்கத்துக்குக் கொண்டுவருவது டிஸ்பாட்ச் (தரையிலிருந்து பயணத்தைத் திட்டமிடும் பிரிவு) வேலை. விமானிகள் இறங்குமுன் நடத்தும் பிரீஃபிங்கில் இலக்கு நிலையப் பக்கத்தை மறுபடி எடுத்து, மூடிய பாதையை வரைபடத்தில் அடித்துவிட வேண்டும். "எந்தப் பாதை மூடல்?" என்பதோடு "கீழே என்ன தெரியும், என்ன தெரியாது?" என்றும் வாய்விட்டுப் பேச வேண்டும். கண்ணால் பார்த்து இறங்கினாலும் ஐ.எல்.எஸ். போட்டு, அது சரியான ஓடுபாதைக்கானதா என்று அதன் அடையாளத்தை இருவரும் சரிபார்க்க வேண்டும்.

இத்தகைய நிகழ்வை அன்றிரவே தெரிவிப்பதும் முக்கியம். ஏர் கனடா விமானத்தின் காக்பிட் குரல்பதிவுக் கருவி கடைசி 2 மணி நேரப் பேச்சை மட்டுமே வைத்திருந்தது. விஷயம் மேலே போவதற்குள் விமானம் மறுபடி பறந்து, அந்தப் பேச்சு அழிந்துபோனது.