நைட்ரோ எஞ்சினுக்குத் தமிழில் என்ன பெயர்?

ரிமோட் பந்தயக் காரை எங்கே இறக்கினாலும் கூடி நிற்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "பேட்டரியா, நைட்ரோவா?" என்பதுதான். நாகமலை அடிவாரப் பொட்டலோ, தண்ணீர் வற்றிய கண்மாயோ, கேள்வி மாறாது. பேட்டரி வண்டி பூனை மாதிரி ஓடிவிடும். நைட்ரோ வண்டி வாலில் புகையும் காது கிழியும் சத்தமுமாக ஓடும். அந்த வண்டியில் இருப்பது மூன்றரை சிசி கொள்ளளவுள்ள ஒரு குட்டி டூ ஸ்ட்ரோக் எஞ்சின். நிமிடத்துக்கு முப்பதாயிரம் சுற்றுக்கு மேல் போகும். அதைத்தான் உலகம் முழுக்க 'நைட்ரோ எஞ்சின்' என்கிறார்கள், நாமும் அப்படியே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கம்ப்யூட்டர் கேமில் பொத்தானை அமுக்கினால் காருக்குப் பின்னால் நீலத் தீ வருமே, அது இது இல்லை. அங்கே இருப்பது நைட்ரஸ் ஆக்சைடு. பள்ளிப் பாடத்தில் 'சிரிப்பூட்டும் வாயு' என்று படித்தது அதைத்தான். அது வாயு, சிலிண்டரில் அடைத்து வரும், எரிபொருளோடு கூடுதலாகச் செலுத்துவார்கள். நம்முடையது நைட்ரோமீத்தேன் என்ற திரவம், எரிபொருளிலேயே கலந்து வரும். நைட்ரோகிளிசரின் இரண்டும் இல்லை, அது வெடிமருந்து. மூன்றுக்கும் குடும்பப் பெயர் ஒன்று என்பதோடு உறவு முடிந்தது.

அந்தக் குடும்பப் பெயரின் ஊர் எகிப்து. அங்கே வற்றிய ஏரிப் படுகைகளில் வெள்ளையாகப் பூத்துக் கிடந்த உப்பை அள்ளி, பிணத்தைப் பதப்படுத்தவும் துணி வெளுக்கவும் பயன்படுத்தினார்கள். அதை அவர்கள் அழைத்த பெயர் கிரேக்கத்தில் நித்ரான் ஆகி, லத்தீனில் நித்ரும் ஆனது. பொருளைப் பார்த்தால் அது சோடா உப்பு, அதாவது சோடியம் கார்பனேட்டு. நம்மூரில் சலவைத் தொழிலாளர்கள் வெள்ளாவிக்குப் பயன்படுத்திய உவர்மண்ணும் அதே சரக்குதான். விவிலியத்தில் எரேமியா 2:22-ஐப் பாருங்கள். எபிரேய மூலத்தில் இதே வேரைச் சேர்ந்த 'நேத்தெர்' என்ற சொல் இருக்கிறது. ஆங்கிலத்தின் பழைய பெயர்ப்பு அதை 'நைட்டர்' என்று வைத்தது. தமிழில் பெயர்த்தவர்கள் 'உவர்மண்' என்று வைத்தார்கள். ஆங்கிலத்தைவிடத் தமிழ்தான் சரி. ஏனென்றால் அதற்குள் ஐரோப்பாவில் நைட்டர் என்ற பெயர் வேறொரு உப்புக்கு மாறிவிட்டிருந்தது.

அந்த வேறு உப்புதான் வெடியுப்பு, பொட்டாசியம் நைட்ரேட்டு. பொட்டிலுப்பு என்றும் சொல்வோம். மதுரைக்குத் தென்மேற்கே சிவகாசிப் பக்கம் போனால் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்தால் கருமருந்து. 1790-இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஷப்தால், வெடியுப்பைப் பிறப்பிப்பது என்ற பொருளில் காற்றிலிருக்கும் ஒரு வாயுவுக்கு நைட்ரஜன் என்று பெயர் வைத்தார். பழைய சோடா உப்பின் பொருளும் ஒரேயடியாகத் தொலைந்துவிடவில்லை. அரபு வழியாக அது 'நேட்ரான்' என்று ஐரோப்பாவுக்குள் திரும்பி வந்து, சோடியத்துக்கு 'நேட்ரியம்' என்ற லத்தீன் பெயரைக் கொடுத்தது. வேதியியல் அட்டவணையில் சோடியத்துக்கும் நைட்ரஜனுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது, ஆனால் பெயரளவில் இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

பிறகு வேதியியலார், ஒரு நைட்ரஜனும் இரண்டு ஆக்சிஜனும் சேர்ந்த தொகுதிக்கு 'நைட்ரோ' என்ற முன்னொட்டை வைத்துக்கொண்டார்கள். அந்தத் தொகுதி மீத்தேனோடு ஒட்டினால் நைட்ரோமீத்தேன். நம் ப்ளஸ் டூ பாடத்தில் 'கரிம நைட்ரஜன் சேர்மங்கள்' பகுதியில் வருவது இதுதான்.

எஞ்சினுக்குள் அது செய்கிற வேலையைப் புரிந்துகொள்ள, அந்த இரண்டு ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டால் போதும். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். மெத்தனாலுக்கு 6.4 கிலோ போதும். நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிலோதான், ஏனென்றால் பாதிச் சாப்பாட்டை அது கையோடு கட்டிக்கொண்டு வருகிறது. எடைக்கு எடை பார்த்தால் பெட்ரோலின் சூட்டில் கால்பங்குதான் அதில் இருக்கிறது. ஆனால் எஞ்சின் ஒரு சுற்றில் இழுக்க முடிந்த காற்றுக்கு ஓர் அளவு உண்டு. அதே காற்றில் பல மடங்கு நைட்ரோவை எரிக்க முடிவதால், கிடைக்கும் சூடு பெட்ரோலைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டும்.

சரி, தமிழுக்கு வருவோம். நைட்ரஜனுக்குத் தமிழில் பெயர்கள் உண்டு. வெடியுப்பை வைத்து 'வெடியம்' என்று ஆக்கினார்கள். இலங்கைத் தமிழர் 'நைதரசன்' என்று எழுதுகிறார்கள். உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயியைக் கேட்டால் யூரியா மூட்டையைக் காட்டி 'தழைச்சத்து' என்பார், அவரைப் பொறுத்தவரை அதுதான் பொருத்தமான பெயர். ஆனால் 'தழைச்சத்து எஞ்சின்' என்று சொன்னால் பம்புசெட்டு என்று நினைத்துக்கொள்வார்கள். 'வெடிய எஞ்சின்' இன்னும் மோசம், பிள்ளையைப் பெற்றவர்கள் அந்தப் பெட்டியை வீட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள். என் முடிவு, வேதிப்பொருளுக்கு 'நைட்ரோமீத்தேன்' என்பதே இருக்கட்டும்.

எஞ்சினுக்கு அந்தப் பெயர் வைத்ததுதான் எனக்கு உடன்பாடில்லை. எரிபொருள் டப்பாவில் 25 சதவீதம் நைட்ரோ என்று பெரிதாகப் போட்டிருக்கும். மீதி என்ன? பெரும்பங்கு மெத்தனால், அப்புறம் எண்ணெய். அந்த எண்ணெயில் விளக்கெண்ணெய்க்கு இன்றும் இடம் உண்டு. ஒருவனை மந்தம் என்று திட்ட நாம் எடுக்கிற பெயர் விளக்கெண்ணெய். இங்கே முப்பதாயிரம் சுற்றில் பித்தளையும் அலுமினியமும் ஒன்றையொன்று தின்றுவிடாமல் காப்பது அதுதான். மாதிரி விமானப் பந்தயங்களில் எண்பது பங்கு மெத்தனால், இருபது பங்கு விளக்கெண்ணெய் என்று நைட்ரோவே சேர்க்காத கலவையிலும் இதே வகை எஞ்சின் ஓடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 பிப்ரவரி முதல் 16 சதவீதத்துக்கு மேல் நைட்ரோமீத்தேன் உள்ள எதையும் பொதுமக்கள் உரிமம் இல்லாமல் வாங்க முடியாது. அங்கே நைட்ரோ குறைந்தது, எஞ்சின் அதேதான். இருந்தாலும் ஓடும், இல்லாவிட்டாலும் ஓடும் ஒன்றின் பெயரை எஞ்சினுக்கு வைப்பது எப்படிப் பொருந்தும்?

இந்த எஞ்சினை மற்ற எஞ்சின்களிலிருந்து பிரிப்பது அது பற்றவைக்கும் முறை. எஞ்சின் தலையில் ஒரு சின்ன பிளக், அதற்குள் பிளாட்டினம் கலந்த கம்பிச் சுருள். ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒன்றரை வோல்ட் கொடுத்துக் கம்பியைச் சிவக்க வைக்கிறோம், ஓடத் தொடங்கியதும் இணைப்பை எடுத்துவிடுகிறோம். அதன்பிறகு மின்சாரமே கிடையாது. மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின் மேல் பட்டு வினைபுரிவதாலும், முந்தைய சுற்றின் சூட்டாலும் கம்பி அணையாமல் கனன்றுகொண்டே இருக்கிறது. அமெரிக்காவில் ரே ஆர்டன் 1947-இல் இந்த பிளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, பொறி உண்டாக்கும் காயிலையும் (coil) பேட்டரியையும் சுமந்துகொண்டிருந்த மாதிரி விமானங்களின் எடை ஒரே அடியில் குறைந்தது.

ஆங்கிலத்தில் இதற்கு 'குளோ எஞ்சின்' என்ற பழைய பெயர் உண்டு, அதுதான் நேர்மையான பெயர். 'குளோ' என்றால் கனல்வது, ஒளிர்வது. அதைத் தமிழாக்க 'ஒளிர்' என்று தொடங்கினால் தடம் மாறிவிடும். இங்கே வெளிச்சத்துக்கு வேலை இல்லை, சூட்டுக்குத்தான் வேலை. 'பொறி' என்றும் சொல்ல முடியாது. தமிழில் அது இயந்திரத்துக்கும் பெயர், நெருப்புத் துளிக்கும் பெயர். இதுவோ பொறி இல்லாத பொறி. 'தணல்' நல்ல சொல், புத்தகத்தில் எழுத ஏற்றது. ஆனால் மதுரை, தேனிப் பக்கத்து அடுப்படியில் தீ அடங்கிய பிறகும் கனன்றுகொண்டிருப்பதைக் 'கங்கு' என்றுதானே சொல்கிறோம்? கங்கு பிளக், கங்கு எஞ்சின். 'கங்கு கரை இல்லாத' என்கிற இடத்தில் அது வரம்பைக் குறிக்குமே என்று புலவர்கள் கேட்கலாம். குறிக்கட்டும். ஆட்டோ கடையில் போய் 'குளோ பிளக்' கேட்டால் டீசல் வண்டியின் ஹீட்டர் பிளக்கை எடுத்து நீட்டுகிறார்கள். அது ஸ்டார்ட் ஆவதற்குச் சூடேற்றிக் கொடுப்பதோடு சரி, இதுபோல் சுற்றுக்குச் சுற்று பற்றவைக்காது. தனிப்பெயர் இருந்தால் இந்தக் குழப்பம் வராது.

கங்கு என்று நினைத்துப் பார்த்தால் எஞ்சினை மாற்றியமைக்கும் வேலையும் எளிதில் பிடிபடும். பொறி விழும் நேரத்தைத் திருகி மாற்ற இதில் எதுவும் இல்லை. எப்போது பற்றும் என்பதைக் கங்கின் சூடு, கலவை, அமுக்கம் (கம்ப்ரஷன்) மூன்றும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. நைட்ரோவைக் கூட்டினால் கலவை முன்கூட்டியே பற்றும். அதனால் தலைக்கு அடியில் 0.1 மில்லிமீட்டர் தடிமனில் இன்னொரு ஷிம் போட்டு அமுக்கத்தைக் குறைக்க வேண்டும், பிளக்கும் சூடு குறைந்த ரகமாக இருக்க வேண்டும். நைட்ரோவை மட்டும் ஏற்றிவிட்டு மற்றதைத் தொடாமல் விட்டால் பிளக்கின் கம்பி நசுங்கும், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கான்ராடு வளையும். ஷிம்முக்கு 'இடைத்தகடு' என்ற தமிழே போதும், வாயிலும் நுழைகிறது.

பட்டறையில் உண்மையாகவே தடுமாற வைப்பது 'பிஞ்ச்' என்ற சொல். ஆர்எக்ஸ் 100 வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுகிற மெக்கானிக்கிடம் இந்த எஞ்சினைக் கொடுத்தால், "ரிங்கைக் காணோமே தம்பி?" என்றுதான் கேட்பார். ரிங்கே கிடையாது. அலுமினிய பிஸ்டன், அது மேலும் கீழும் ஓடும் குரோமியம் பூசிய பித்தளை உறை, அவ்வளவுதான். உறையின் உள்விட்டம் மேலே போகப்போகச் சற்றுக் குறுகும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கையால் சுற்றினால் பிஸ்டன் உச்சியில் போய்க் கவ்வி நிற்கும். அந்தக் கவ்வலைத்தான் பிஞ்ச் என்கிறார்கள். சூடேறியதும் பித்தளை உறை, சிலிக்கன் கூடுதலாகக் கலந்த அலுமினிய பிஸ்டனைவிட அதிகமாக விரிந்து, எண்ணெய்ப் படலத்துக்குத் தேவையான இடைவெளி மட்டும் வரும். அதனால்தான் ஸ்டார்ட் செய்வதற்கு முன் தலையைச் சூடுபடுத்துகிறோம் (சித்திரை வெயிலே போதும் என்று நினைக்க வேண்டாம், அது காணாது). நிறுத்தும்போது பிஸ்டனை உச்சியில் விடாமல் கீழே இறக்கி வைக்கிறோம். இல்லையென்றால் ஆறியதும் உறை அதைப் பிடித்துக்கொள்ளும்.

கவ்வல் போய்விட்டால் எஞ்சின் சூட்டில் நின்றுவிடும், திரும்ப உயிர் வராது. அப்போது பிஸ்டன், உறை, கான்ராடு மூன்றையும் செட்டாக மாற்ற வேண்டும், கூடவே பேரிங்கையும். செலவைக் குறைக்க நினைத்தால் உறையின் மேல்பகுதியை வெளியிலிருந்து சீராக இறுக்கிப் பழைய கவ்வலை வரவழைக்கலாம். கப்பலூரிலும் புதூரிலும் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை, ஆனால் 'டைட் பண்ணணும்' என்று மட்டும் சொன்னால் உறையை முட்டை வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். 'சுற்றிலும் ஒரே அளவு, மேலே மட்டும் கவ்வல்' என்று சொல்லி, பிஸ்டனையும் கையில் கொடுத்து, போட்டுப் பார்த்துச் செய்யச் சொல்ல வேண்டும்.

கிராங்க், கார்புரேட்டர், பேரிங் இவற்றுக்கெல்லாம் தமிழ் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், பட்டறையில் அவை எப்போதோ தமிழாகிவிட்டன. 'ரீபில்ட்' மட்டும் தேவையில்லாத சொல். 'எஞ்சின் இறக்குவது' என்ற நம்மூர் வழக்கும் இதற்குப் பொருந்தவில்லை. நாலு திருகைக் கழற்றினால் உள்ளங்கையில் அடங்கிவிடுகிற எஞ்சினை எங்கே போய் இறக்குவது? 'பிரித்துக் கோர்ப்பது' போதும்.