துப்பத் தெரியாத வயதில் காசநோய்

பெரியவர்களுக்குக் காசநோய்ச் சந்தேகம் என்றால் சளியைக் காறித் துப்பச் சொல்லி, அதில் கிருமியைத் தேடுவார்கள். சின்னக் குழந்தைக்குத் துப்பத் தெரியாது. வருகிற சளியை விழுங்கிவிடும். கிடைக்கிற சளியிலும் கிருமி கொஞ்சம்தான். மைக்ராஸ்கோப்பில் தெரிய ஒரு மில்லிலிட்டருக்கு 5,000 முதல் 10,000 கிருமிகளாவது வேண்டும்.

விழுங்கிய சளி ராத்திரி முழுக்க இரைப்பையில் சேர்கிறது. அதனால் விடிகாலையில் வெறும் வயிற்றில், மூக்கு வழியாகக் குழாய் விட்டு அதை உறிஞ்சி எடுப்பது பழைய முறை. மாலையில் பார்த்து மருந்து எழுதி அனுப்பும் தனியார் கிளினிக்கில் இதை யார் செய்வது? ஆக, எக்ஸ்ரேயும் மான்டூ ஊசியும் வைத்தே பல முடிவுகள் எடுக்கப்படுகின்றன.

மான்டூ என்பது முன்கைத் தோலில் ஊசி போட்டு, 48 முதல் 72 மணி நேரம் கழித்துத் தடிப்பை அளப்பது. கிருமி உடம்புக்குள் புகுந்திருக்கிறதா என்பதற்கு அது ஓர் அடையாளம். நோயாக மாறிவிட்டதா என்று சொல்லாது. நன்றாக மெலிந்த குழந்தைக்கு நோய் இருந்தும் தடிப்பு வராமல் போகலாம். ரத்தத்தில் ஆன்டிபாடி பார்க்கும் டெஸ்ட்டையோ உலக சுகாதார நிறுவனம் 2011லேயே வேண்டாம் என்றுவிட்டது.

இப்போது நிலைமையை மாற்றியிருப்பது மலம். விழுங்கிய கிருமியின் டிஎன்ஏ குடலைத் தாண்டியும் மிஞ்சுகிறது. சுமார் ஒரு கிராம் மலத்தை, கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் கருவிக்கான திரவ பாட்டிலில் போட்டு நன்றாகக் குலுக்கி 10 நிமிடம் வைக்கிறார்கள். மறுபடி குலுக்கி இன்னொரு 10 நிமிடம். கசடு கீழே தங்கியதும் மேலே தெளிந்ததை எடுத்து, கருவியில் செருகும் கார்ட்ரிட்ஜில் விட்டால், இரண்டு மணி நேரத்துக்குள் முடிவு வந்துவிடும். முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் கேட்குமா என்பதும் பெரும்பாலும் கூடவே தெரியும். கிளினிக்கில் கருவி இருக்க வேண்டியதில்லை, மாதிரியை அனுப்பினால் போதும். குழாய் விட முடியாத டாக்டருக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் நெகட்டிவ் வந்தால் நோயே இல்லை என்று அர்த்தமில்லை. கிருமி குறைவு என்பதால் தப்பிப்போகும் குழந்தைகள் நிறைய. அங்கே டாக்டரின் காதும் எடை மிஷினும்தான் கருவி. இரண்டு வாரம் தாண்டிய இருமலோ காய்ச்சலோ உண்டா? எடை ஏறாமல் நிற்கிறதா? வீட்டில் யாருக்காவது காசநோயா? டாக்டர் மாற்றி டாக்டர் போகும் குழந்தைக்கு ஒவ்வொரு இடத்திலும் இருமல் புதிதாகவே தொடங்குகிறது, பழைய எடை யாரிடமும் இல்லை. நடுவில் யாராவது லீவோஃப்ளாக்சசின் மாதிரி ஓர் ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டால் கிருமி பாதி அடங்கி, இன்னும் சில வாரம் ஏமாற்றும்.

சரி, நோய் உறுதியாகிவிட்டது. அப்புறம் வீட்டுப் பெரியவர்களுக்கும் எக்ஸ்ரேயும் சளி டெஸ்ட்டும் எடுக்க வேண்டும். சின்னக் குழந்தைக்கு நோயைக் கொடுத்தவர் அநேகமாக அதைத் தினமும் தூக்கி வைத்துக்கொள்கிறவர்தான். குழந்தை டாக்டரின் சீட்டில் அவர் பெயர் இருப்பதில்லை.