மனைக்குத் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும்? – புவியியல் தகவல் அமைப்பு ஓர் அறிமுகம்

தாம்பரத்துக்கு அப்பால் ஒரு மனைக்கு முன்பணம் கொடுக்கவிருக்கும் வாசகர் ஒருவர், "கோடையில் போய்ப் பார்த்தேன், தரை காய்ந்து சமமாகத்தான் கிடக்கிறது, மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் நிற்குமா என்பதை ஜி.ஐ.எஸ். வைத்துச் சொல்லிவிடலாம் என்கிறார்களே, அது எப்படி?" என்று கேட்டிருக்கிறார். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானதும், அடையாற்றங்கரையில் தரைத்தளங்கள் மூழ்கியதும் நினைவில் இருப்பவர்களுக்கு எழ வேண்டிய கேள்விதான் இது.

ஜி.ஐ.எஸ். என்று சுருக்கமாக வழங்கும் புவியியல் தகவல் அமைப்பை வரைபடம் என்று எண்ணிக்கொள்பவர்கள் பலர். உண்மையில் அது ஒரு தரவுத்தளம். அதிலுள்ள ஒவ்வொரு தகவலோடும் அது பூமியின் எந்த இடத்துக்கு உரியது என்பதைச் சொல்லும் எண்கள் சேர்ந்திருக்கும். சாலைகள் ஓர் அடுக்கு, சர்வே எண் எல்லைகள் ஓர் அடுக்கு, ஏரிகள் ஓர் அடுக்கு, தரையின் உயரம் ஓர் அடுக்கு என்று வைத்துக்கொண்டு, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, "ஏரி எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் வரும் சர்வே எண்கள் எவை?" என்பது போன்ற கேள்விகளுக்கு விடை பெறலாம். கனடா தன் நிலவளத்தைக் கணக்கெடுக்க முனைந்த 1960களில், ஆயிரக்கணக்கான வரைபடத் தாள்களைக் கையால் ஒப்பிட முடியாது என்று கண்டு ரோஜர் டாம்லின்சன் கணினியை நாடியதிலிருந்து இத்துறையின் கதை தொடங்குகிறது. இன்று மின்கம்பிகளைப் பராமரிப்பதற்கும், ஆம்புலன்சுக்கு வழி காட்டுவதற்கும், டெங்கு பரவும் தெருக்களைக் கண்டறிவதற்கும் இதே முறைதான் பயன்படுகிறது.

அடுக்குகள் பொருந்த வேண்டுமானால் எல்லாம் ஒரே அளவு முறையில் இருக்க வேண்டும். 1802இல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலையருகே சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு அடிக்கோடு ஒன்றை அளந்து இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். அவ்வழியில் வந்த பழைய வரைபடங்கள் பூமியின் வடிவத்துக்கு, லாம்டனுக்குப் பின் அப்பணியை நடத்திய ஜார்ஜ் எவரெஸ்ட் கண்ட கணக்கைக் கொண்டவை. இன்றைய ஜி.பி.எஸ். வேறொரு கணக்கைக் கொண்டது. ஒரு கணக்கிலுள்ள எண்களை மற்றக் கணக்குக்கு மாற்றாமல் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், சென்னைப் பகுதியில் ஒரு ஏரிக்கரை நூறு மீட்டருக்கு மேல் விலகி நிற்கும்.

வாசகரின் கேள்விக்கு விடை உயர அடுக்கில் இருக்கிறது. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாட்கள் பூமியைச் சுற்றி, ரேடார் கொண்டு நிலப்பரப்பின் உயரத்தை அளந்தது. அந்தத் தரவில் நிலம் சுமார் 30 மீட்டருக்கு 30 மீட்டர் கட்டங்களாகப் பிரிந்திருக்கும்; ஒவ்வொரு கட்டத்திலும் கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் என்ற ஒரே ஓர் எண் இருக்கும். யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இஸ்ரோவின் புவன் இணையதளத்திலும் கார்ட்டோசாட் செயற்கைக்கோள் வழி கிடைத்த இதே போன்ற உயரத் தரவு உண்டு.

வெறும் எண்களாகிய இந்தக் கட்டங்களிலிருந்து ஆறு எப்படிப் பிறக்கிறது என்பதுதான் எனக்கு எத்தனை முறை பார்த்தாலும் சலிக்காத அதிசயம். ஒரு கட்டத்தின் உயரம் 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதைச் சுற்றி எட்டுக் கட்டங்கள் இருக்கின்றன. கிழக்குக் கட்டம் 17 மீட்டர். தென்கிழக்குக் கட்டம் 16 மீட்டர். தாழ்ந்த இடம் தென்கிழக்குதான் என்றாலும், மூலைவிட்டமாகப் போக வேண்டியிருப்பதால் அதன் தூரம் 42 மீட்டருக்குச் சற்று மேல். ஆகவே அந்தப் பக்கத்துச் சரிவு 0.094. கிழக்கே 30 மீட்டரில் 3 மீட்டர் இறக்கம், அதாவது 0.1. நீர் கிழக்கே போகும் என்று கணினி குறித்துக்கொள்கிறது. எல்லாக் கட்டங்களுக்கும் இப்படித் திசை குறித்தபின், ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலேயிருந்து எத்தனை கட்டங்களின் நீர் வந்து சேர்கிறது என்று எண்ணுகிறது. ஆயிரம் கட்டங்களுக்கு மேல் வந்து சேரும் இடங்களை மட்டும் நீல நிறத்தில் காட்டச் சொன்னால், அதாவது சுமார் 220 ஏக்கர் நிலத்தின் மழைநீர் கூடும் இடங்களைக் கேட்டால், திரையில் மரக்கிளை போல ஓடைகளும் ஆறும் தோன்றுகின்றன. ஆறு எங்கே ஓடுகிறது என்று நாம் கணினிக்குச் சொல்லவே இல்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எட்டுப் பக்கமும் மேடாக இருக்கும் கட்டத்துக்கு வரும் நீர் வெளியேற வழியின்றி அங்கேயே நின்றுவிடும், ஓடை அறுந்துபோகும். இத்தகைய பள்ளங்களை அளவைப் பிழை என்று கருதி மென்பொருள் நிரப்பிவிடுகிறது. பள்ளத்துக்குள் நீர் ஊற்றுவது போல மட்டத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தி, விளிம்பில் எந்த இடம் மிகத் தாழ்வாக இருக்கிறதோ அந்த இடத்தில் வழியும் வரை நிரப்பி, அங்கிருந்து ஓடையைத் தொடரச் செய்கிறது. இதைப் படிக்கும்போதே ஏரிப் பாசனம் அறிந்தவர்களுக்குப் புரிந்திருக்கும்: விளிம்பின் அந்தத் தாழ்ந்த இடத்துக்கு நம் ஊரில் கலங்கல் என்று பெயர். மேல் ஏரி நிரம்பிக் கலங்கலில் வழிந்து கீழ் ஏரிக்குப் போகும் ஏரித் தொடரை வெட்டியவர்கள் இதே கணக்கைத் தரையில் மண்ணாலும் கல்லாலும் போட்டு வைத்திருக்கிறார்கள். மென்பொருள் பிழை என்று நினைத்து நிரப்பிய பள்ளம் நம் நாட்டில் பல இடங்களில் ஏரியாகவோ தாங்கலாகவோ இருக்கும்.

ஆகவே நிரப்பிய படத்தை வைத்துக்கொண்டு மூலப் படத்தைத் தூக்கி எறியக் கூடாது. நிரப்பியதிலிருந்து மூலத்தைக் கழிக்க வேண்டும். ஒரு கட்டம் முன்பு 9 மீட்டர், நிரப்பியபின் 11 மீட்டர் என்றால், அங்கே 2 மீட்டர், அதாவது ஆறரை அடி ஆழத்துக்கு நீர் தேங்கிய பிறகே வெளியே வழியும் என்று பொருள். மனைகளில் நிற்கும் நீரைக் காட்டும் படம் இந்தக் கழித்தல்தான், கியூ.ஜி.ஐ.எஸ். என்ற இலவச மென்பொருளில் இதைச் சில நிமிடங்களில் செய்துவிடலாம்.

ஆனால் அந்தப் படத்தை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. ரேடார் கட்டடங்களின் கூரையையும் மரங்களின் தலையையும் தரையாக எண்ணும். நீர் நிறைந்த ஏரியின் அடித்தளத்தை அதனால் காண முடியாது. 30 மீட்டர் கட்டத்துக்குள் குறுகிய கால்வாயும் சாலைக்கடியில் போகும் சிறு பாலமும் மறைந்துவிடும். உயரமும் முழு மீட்டரில்தான் தரப்பட்டிருக்கிறது. உங்கள் வீட்டு வாசற்படியைத் தண்ணீர் தாண்டுமா என்பதை அரை மீட்டர் தீர்மானித்துவிடும். பள்ளிக்கரணை போன்ற சமதரையில் இந்தத் தரவு போதாது. விமானத்திலிருந்து லேசர் கொண்டு அளந்தால் இந்தக் குறை தீரும். 2022இன் தேசியப் புவிசார் கொள்கை, சமவெளிகளுக்கு 25 சென்டிமீட்டர் துல்லியமுள்ள உயரத் தரவை 2030க்குள் உருவாக்குவதை இலக்காக அறிவித்திருக்கிறது. அதற்கான பணத்தைத் தயங்காமல் ஒதுக்க வேண்டும் என்பதும், மக்கள் வரிப்பணத்தில் உருவாகும் அந்தத் தரவு ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்துக்கும் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து. மனை பார்க்கப் போகிறவர்கள் ஈசானிய மூலையை அளக்க ஒருவரை அழைத்துச் செல்கிறார்கள். மழைநீர் எந்த மூலையிலிருந்து வரும் என்று அளக்க யாரையும் அழைப்பதில்லை. இந்த நிலை எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

வாசகர் செய்ய வேண்டியது இதுதான். கழித்தல் படத்தில் மனையின் இடத்தைப் பாருங்கள். பிறகு கிராம வரைபடத்தையும், வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டையும் எடுத்து, அந்தச் சர்வே எண்ணோ அதையொட்டிய எண்களோ ஏரி, ஓடை, வாய்க்கால் புறம்போக்கு என்று குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். மாம்பலத்து நெடுங்குளத்தின் மேல் தியாகராய நகர் எழுந்து நூறாண்டு ஆகியும் அந்தத் தாழ்வு மறையவில்லை என்பதை ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் காண்கிறோம். கடைசியாக, மனைக்கு மேற்புறம் ஏரி ஏதும் இருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் அதன் கரைமேல் நடந்து போய், கலங்கல் எந்தத் திசையை நோக்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.